"மரபுவழி வாகனம்" என்பது யாது? இந்தோனேசியப் போக்குவரத்து வரலாறு பற்றிய சில குறிப்புகள்

இந்தோனேசியாவின் யோக்யக்கார்த்தா மாகாண ஆட்சி 2016ஆம் ஆண்டில் ஒரு சட்டவிதியை நிறைவேற்றியது. மனிதர் மிதித்துச் செலுத்தும் 'பெச்சாக்' எனும் முச்சக்கரவண்டியையும், 'அண்டொங்' எனும் குதிரைவண்டியையும் மரபுவழிப் போக்குவரத்துச் சாதனங்களாக அது ஏற்றுக்கொண்டது. அதே யாவாத் தீவிலுள்ள ஜக்கார்த்தாவிலோ, 1988ஆம் ஆண்டின் பொது ஒழுங்கு விதி பெச்சாக் ஓட்டுவதையே குற்றமாக்கியிருந்தது. 2007இல் வந்த புதிய விதி, பெச்சாக்கைப் பொருத்திச் செய்வதையும் நகருக்குள் கொண்டுவருவதையும்கூடத் தடுத்தது. ஒரே வண்டி ஓரிடத்திற் பண்பாட்டுச் சொத்தாகவும் பிறிதோரிடத்திற் குற்றப் பொருளாகவும் இருப்பதற்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை தேட முற்படுமிடத்து, 'மரபு' என்ற சொல்லையே முதலில் ஐயத்துடன் நோக்க வேண்டியவர்களாகின்றோம்.

இந்தோனேசிய வண்டிகளின் பெயர்களே இவ்வையத்துக்கு இடமளிக்கின்றன. 'டெல்மன்' என்ற குதிரைவண்டி, பத்தேவியாவில் வாழ்ந்த டீலெமன் என்ற ஒல்லாந்தப் பொறியியலாளரின் பெயரால் வழங்குவது. 'டொக்கார்' ஆங்கிலேயரின் இருசில்லு வண்டியொன்றன் பெயரின் திரிபு. பயணிகள் ஒருவர்க்கொருவர் முதுகு காட்டி அமரும் 'சாடோ', 'முதுகோடு முதுகு' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் குறுக்கமாகும். லொம்பொக் தீவின் 'சிடொமோ'வோ சிக்கார், டொக்கார், மொபில் (மோட்டார் வண்டி) என்னும் மூன்று சொற்களின் தலையெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர். குதிரை இழுக்கும் அவ்வண்டி மோட்டார் வாகன ரயர்களில் உருள்வதே அதற்குக் காரணம். வண்டியைக் குறிக்கும் 'கெரேத்தா' என்ற சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது எனக் கொள்ளப்படுகின்றது. நம் ஊர்களில் 'கரத்தை' என வழங்குவதும் அதே மூலத்ததே. பெச்சாக் என்ற சொல் ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்தது. அதன் பொருள் 'குதிரைவண்டி' என்பதாகும். குதிரை நின்ற இடத்தில் மனிதன் நிற்க, பெயர் மட்டும் மாறாதிருந்தது.

ஆயிரக்கணக்கான தீவுகளைக் கொண்ட அந்நாட்டின் உண்மையான பழம் போக்குவரத்து நீர்வழியே நிகழ்ந்தது. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பொரோபுதூர்ச் சிற்பங்களிற் காணப்படும் புறமிதவை பூட்டிய பாய்மரக்கலங்கள் இதற்குச் சான்று. கலத்தைக் குறிக்கும் 'கப்பல்' என்ற தமிழ்ச் சொல்லை அம்மக்கள் இன்றும் தமது சொல்லாகவே வழங்குகின்றனர். தரையிலோ பெரும்பாலானோர் நடந்தனர். தோள்தடியின் இரு முனைகளிலும் கூடைகளைத் தொங்கவிட்டுச் சுமந்தனர். எருமையோ மாடோ இழுக்கும் 'பெடாத்தி' என்ற பாரவண்டியில் நெல் ஏற்றினர்.

வீதி என்பது எல்லார்க்கும் பொதுவான ஒன்று என நாம் எண்ணிக்கொள்கின்றோம். யாவாவின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1808இல் ஆளுநர் நாயகமாக வந்த டென்டல்ஸ், மேற்கே அன்யேர் முதல் கிழக்கே பனாருக்கான் வரை ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் நீளமான பெருந்தபால் வீதியை அமைப்பித்தார். உள்ளூர்த் தலைவர்கள் மூலம் திரட்டப்பட்ட கட்டாய உழைப்பே அதனை உருவாக்கியது. உழைத்தோரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவ்வீதியின் வரலாற்றை நாவலாசிரியர் பிரமோத்யா அனந்த தூர் 2005இல் வெளிவந்த தமது நூலொன்றிற் பதிவு செய்துள்ளார். நாம் இங்கு சுட்ட விரும்புவது வேறொன்று. குடியானவரின் பெடாத்திகள் தளத்தைச் சிதைக்கும் என்று கூறி, அவற்றைப் பக்கத்தே செல்லும் மண்பாதைக்கு ஒதுக்கினர். வீதியை வெட்டியவனின் வண்டி அவ்வீதியில் ஏற முடியாதிருந்தது.

1867இல் செமராங்கிலிருந்து தங்குங் வரை ஓடத்தொடங்கிய முதற் புகையிரதப் பாதை, உள்நாட்டு விளைபொருளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் தேவையினின்றும் பிறந்தது. பத்தேவியாவில் 1869இல் குதிரை இழுக்கும் ட்ராம் வண்டியும், 1899இல் மின்சார ட்ராமும் ஓடின. இவ்விரண்டாம் ஆண்டு மனங்கொள்ளத்தக்கது. ஏனெனில், 'மரபுவழி' எனப் பின்னர் முத்திரை குத்தப்பட்ட பெச்சாக் பத்தேவியாத் தெருக்களிற் பெருகத் தொடங்கியது 1930களின் பிற்பகுதியிலேயே. அதாவது, அது மின்சார ட்ராமுக்கு ஒரு தலைமுறைக்கு மேல் இளையது. யப்பானியர் ஆட்சியில் (1942-1945) மோட்டார் வாகனங்கள் பறிக்கப்பட்டு, பெற்றோலும் அருகியபோது அதற்கு வாழ்வு வந்தது. மின்சார ட்ராமோ 1960களின் தொடக்கத்தில் ஜக்கார்த்தாவினின்றும் அகற்றப்பட்டது. 'நவீன' வாகனம் மறையப் 'பழைய' வாகனம் எஞ்சி நின்றது எனலாம்.

பயணி முன்னே, ஓட்டி பின்னே என்பது யாவாப் பெச்சாக்கின் அமைப்பு. (சுமாத்திராவில் ஓட்டி பக்கத்தே இருப்பான், சியாந்தார் நகரில் இரண்டாம் உலகப்போர்க்கால பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்களிற் பூட்டிய பெச்சாக்குகள் பேர்பெற்றவை.) பஸ் நுழையாத ஒடுங்கிய சந்துகளில் அது நுழைந்தது. விடியற்காலையிற் சந்தைப் பெண்களையும் காய்கறிக் கூடைகளையும் ஏற்றியது. பின்னர், மாதக் கணக்கிற் பேசிக்கொண்ட வீடுகளின் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுசென்றது. வெள்ளக் காலத்தில் மோட்டார் வண்டிகள் நின்றுவிட, முழங்கால் நீரில் அதுவே ஓடியது.

ஓட்டியருட் பெரும்பாலானோர் நகரவாசிகள் அல்லர். இந்திரமாயு, தெகால் முதலிய வடகரைப் பிரதேசங்களின் நிலமற்ற அல்லது சிறுதுண்டு நிலமுடைய உழவர்கள் அவர்கள். நடுகை முடிந்ததும் நகருக்கு வந்து, அறுவடைக்கு ஊர் திரும்பினர். வண்டி அவர்களுடையது அன்று. 'ஜுராகன்' எனப்பட்ட உடைமையாளனுக்கு நாள்தோறும் 'செத்தோரான்' என்ற வாடகையைக் கட்டியபின் எஞ்சுவதே அவர்களது ஊதியம். பயணி கிடைத்தாலும் கிடைக்காவிடினும் செத்தோரான் குறைவதில்லை. பகலில் ஒருவரும் இரவில் ஒருவருமாக ஒரே வண்டியை மிதித்ததும் உண்டு. ஆயினும், வண்டி பழுதுற்றால் திருத்துவதும் பலவிடங்களில் ஓட்டிகளுக்குப் படுக்க இடமளிப்பதும் ஜுராகனின் பொறுப்பாக இருந்தன. நிலவுடைமை உறவின் சாயல் நகரத் தெருவிலும் தொடர்ந்தமையை இதிற் காண்கின்றோம்.

1966 முதல் 1977 வரை ஆளுநராயிருந்த அலி சாடிக்கின் காலத்தில் ஜக்கார்த்தா நாட்டுப்புற மக்களுக்கு 'மூடிய நகர்' என 1970இல் அறிவிக்கப்பட்டது. பிரதான வீதிகள் ஒவ்வொன்றாகப் பெச்சாக்குக்கு அடைக்கப்பட்டன. மனிதனை மனிதன் இழுப்பது மானுட மேன்மைக்கு இழுக்கு என்பது அதிகாரிகள் கூறிய நியாயம். இந்நியாயத்தை முற்போக்காளர் எளிதிற் புறக்கணித்தல் இயலாது, நாமும் புறக்கணிக்கவில்லை. அவ்வுழைப்பு உடலை உருக்குவது என்பதில் ஐயமில்லை. ஆனால், இழிவு மிதிப்பதில் இருந்ததா, செத்தோரானில் இருந்ததா என அதிகாரிகள் வினவவில்லை. ஜுராகனின் உடைமையுரிமையைக் கேள்விக்குட்படுத்தாது, ஓட்டியின் பிழைப்பையே அவர்கள் பறித்தனர். 1980களிற் பறிமுதல் செய்யப்பட்ட பல்லாயிரம் பெச்சாக்குகள் ஜக்கார்த்தாக் குடாவிற் கொட்டப்பட்டன. அவை மீன்கள் தங்கும் இடமாகும் என விளக்கமும் தரப்பட்டது. 1990 முதல் நகரம் பெச்சாக் அற்றது எனப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

1998இல் நாணயம் வீழ்ந்து ஆலைகள் மூடப்பட்டபோது, அன்றைய ஆளுநர் சுத்தியோசோ பெச்சாக்கைத் தற்காலிகமாக அனுமதித்தார். ஆயிரக்கணக்கானோர் மீண்டனர். நெருக்கடி சற்றுத் தணிந்ததும் அனுமதி மீளப்பெறப்பட்டது; 2001இல் மறுபடியும் பறிமுதல் நிகழ்ந்தது. வேலையற்றோரின் சினத்தை ஆட்சி அஞ்சியபோது இசைவும், அச்சம் நீங்கியபோது தடையும் வந்தன. 2018இல் ஆளுநர் அனீஸ் பஸ்வெடான் நகரின் வடபகுதிச் சந்துகளிற் பெச்சாக் ஓட இடமளிக்க முற்பட்டபோது, 2007ஆம் ஆண்டு விதியே குறுக்கே நின்றது.

பெச்சாக் அகன்ற வெற்றிடத்தை வேறு வாகனங்கள் நிரப்பின. 1970களின் நடுப்பகுதியில் இந்தியாவிலிருந்து இறக்கப்பட்ட மோட்டார் முச்சக்கரவண்டிக்கு, அதனைச் செய்த நிறுவனத்தின் பெயரே 'பஜாய்' எனப் பொதுப்பெயராயிற்று. துறைமுகப் பகுதியாகிய தஞ்சுங் பிரியொக்கில், துவிச்சக்கரவண்டியின் பின்னாசனத்திற் பயணியை ஏற்றும் 'ஒஜெக்' தோன்றியது. பின்னர் அது மோட்டார் சைக்கிளுக்கு மாறியது. 2010இல் நிறுவப்பட்ட கோஜெக் என்ற நிறுவனம் அப்பெயரையே தன்னுட் கொண்டது. 2015 முதல் கைத்தொலைபேசிச் செயலி வழியாகப் பயணியையும் ஓட்டியையும் இணைக்கலாயிற்று. இத்தகைய நிறுவனங்கள் தம் ஓட்டிகளைத் தொழிலாளர் என்று அழைப்பதில்லை. 'மித்ரா', அதாவது பங்காளி, என்கின்றன. ஜுராகன் வண்டியையாவது தந்தான். இங்கோ வண்டி, எரிபொருள், திருத்தச்செலவு யாவும் பங்காளியின் பொறுப்பு. ஒவ்வொரு பயணத்தின் கட்டணத்திலும் ஒரு பங்கு நிறுவனத்துக்குச் செல்கின்றது. 2025 மே 20ஆம் நாள் ஜக்கார்த்தாவிலும் வேறு நகரங்களிலும் செயலி ஓட்டிகள் வண்டிகளை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தனர். அப்பங்கை 10 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்பது அவர்களது கோரிக்கைகளுள் முதன்மையானது.