மாரி என்று கூப்பிட்டால்

காமயகவுண்டன்பட்டித் தெருவில் நின்று "ஏ மாரி!" என்று கூப்பிட்டுப் பாருங்கள். மாரியப்பனும் திரும்புவார், மாரியம்மாளும் திரும்புவார். தமிழில் மாரி என்றால் மழை. அம்மன் பெயரும் அதுவே. வீரபாண்டியில் கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் திருவிழா. குமுளி தாண்டினால், மலையாளத்தில் கொள்ளைநோய்க்கும் இதே சொல்.

இன்னும் தூரம் போவோம். ஃபின்லாந்தில் மாரி, மரியாவின் இன்னொரு வடிவம். எஸ்தோனிய மொழியில் 'மரி' என்று குறுகி, சிறுபழம் ஆகிறது. ஜப்பானிய மொழியிலோ பந்து! ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் மக்களின் பழங்கதைகளில் மாரி ஒரு பெண் தெய்வம். மலைக்குகையில் இருப்பாளாம், இடியும் புயலும் அவள் சொன்னபடி கேட்குமாம். தற்செயல்தான். ஆனாலும் நம் மாரியம்மனுக்கு அங்கே ஒரு தங்கச்சி இருப்பதுபோல் இல்லை?