இறாற் குளத்து நுண்ணுயிர்கள்

சென்னைக்கு வடக்கே, தமிழகமும் ஆந்திரமும் கூடுமிடத்தில் பரந்து கிடப்பது பழவேற்காடு ஏரி. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் அவ்வுவர்நீரில் இறாலும் நண்டும் மடவையும் பிடித்து வாழ்கின்றனர் கரையூர் மீனவர்.

ஏரியை அடுத்து இறாற் பண்ணைகளும் தோன்றின. பண்ணைக் குளத்தின் ஒரு துளி நீரில் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் உள. அவற்றுட் பல நல்லவை. இறாலின் கழிவையும் எஞ்சிய தீனியையும் சிதைத்து நீரைத் தூய்மை செய்வன அவையே. விப்ரியோ முதலிய சிலவோ, நெருக்கத்தால் இறால் நலிவுறும் வேளை பார்த்து நோய் விளைக்கும்.

நோய் கண்டவுடன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தீனியிற் கலப்பாரும் உண்டு. அம்மருந்து எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை. தாங்கவல்ல சில எஞ்சும். போட்டியிட்டவை மடிந்தமையால் அவை தடையின்றிப் பெருகும். வியப்பு யாதெனில், அவை தம் ஆற்றலை வழித்தோன்றல்களுக்கு மட்டுமன்றி அயல் இனங்களுக்கும் ஈயும் என்பதே! பிளாஸ்மிட் என்னும் சிறு மரபுவளையத்தின் வாயிலாக இது நிகழ்கிறது. இவ்வாறு குளத்துக் கிருமியின் ஆற்றல், மனிதருக்கு நோய் தரும் கிருமியையும் அடைதல் கூடும். அப்போது மருத்துவர் தரும் மருந்தும் பயனற்றுப் போகும். குளத்துநீரை ஏரியில் விடுங்கால் இவையெல்லாம் உடன் செல்லும்.

1994-95இல் இந்திய இறாற் பண்ணைகளை அழித்த வெண்புள்ளி நோய் வைரசால் வருவது. வைரசை இம்மருந்துகள் ஒன்றும் செய்யமாட்டா.

1996 டிசம்பர் 11 அன்று, சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், பழவேற்காடு ஏரியிலிருந்து 1000 மீட்டருக்குள் இறாற் குளம் அமைத்தலை உச்ச நீதிமன்றம் தடுத்தது. குளோரம்பெனிகால் முதலிய மருந்துகளும் பண்ணைகளில் விலக்கப்பட்டன. குஞ்சுகளை நெருக்கமின்றி விடுதலும், அறுவடைக்குப்பின் குளத்தை வெயிலிற் காயவிடுதலும் மருந்தின் தேவையைக் குறைக்கும். வெயிலுக்கோ அங்கே பஞ்சமில்லை.