பேனலுக்குப் பின்னால் – 9: கரிசலில் இறங்கும் கம்பி

சாத்தூர், கோவில்பட்டி தீப்பெட்டி மிஷின்களுக்குப் பேனல் போடுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். மோட்டார் எத்தனை ஹெச்.பி. என்று தெரிந்துவிட்டால் கான்டாக்டர், ஓவர்லோடு ரிலே, கேபிள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். பட்டாசு ஆலைக்கு டிராயிங் போட உட்கார்ந்தால் வேலையே தலைகீழ். கரண்டை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி போய், எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வந்துவிடுகிறது.

மருந்து கலக்கும் அறையில் சுவிட்சும் கிடையாது, பல்பும் கிடையாது. சூரிய வெளிச்சத்தில்தான் வேலை. பக்கத்தில் சலிக்கவோ அரைக்கவோ மிஷின் தேவைப்பட்டால், மோட்டாரைச் சுவருக்கு வெளியே வைத்து, ஷாஃப்டை மட்டும் உள்ளே விட்டு, துளையை கிளாண்ட் போட்டு அடைக்கிறோம்.

"ஃப்ளேம்ப்ரூஃப் மோட்டார் வாங்கி உள்ளேயே வச்சிரலாமே சார்?" என்று கேட்காத முதலாளி இல்லை. நியாயமான கேள்வி. அந்த மோட்டார் பெட்ரோல் ஆவிக்கும் எரிவாயுவுக்கும் என்று செய்தது. பெட்டிக்குள் வாயு பற்றினாலும், மூடியின் மெல்லிய இடுக்கு வழியே வருவதற்குள் ஜுவாலை குளிர்ந்துவிடும். வெளியில் இருக்கும் வாயு பற்றாது. பட்டாசு மருந்து அப்படிப்பட்டதல்ல. எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜனை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஃப்ளேம்ப்ரூஃபுக்கு அடிப்படையான ஐ.இ.சி. 60079 தரமே வெடிமருந்துத் தூளைத் தன் வரம்பில் சேர்க்கவில்லை. விலை கூடிய மோட்டார் என்பதால் தைரியம் வந்துவிடக் கூடாது.

வயரை வெளியே நிறுத்தியாயிற்று. ஆனாலும் உராய்வில் பிறக்கும் நிலைமின்சாரம் ஆள் மேல் ஏறி உள்ளே வந்துவிடும். நைலான் சேலை, ரப்பர் செருப்பு, ஈரமில்லாத காற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒருவர் உடம்பில் 10,000 வோல்ட் ஏறுவது சாதாரணம். உடம்பின் கொள்ளளவை 100 பிகோஃபாரட் என்று வைத்தால், அதில் 5 மில்லிஜூல் சக்தி நிற்கிறது. 3,000 வோல்ட்டுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் நமக்கு உறைப்பதே இல்லை. நமக்கு உறைக்காத அந்தப் பொறியே சில மருந்துகளுக்குப் போதும். விபத்துச் செய்தியில் 'உராய்வு ஏற்பட்டு' என்று வாசிக்கும்போதெல்லாம் இதுவும் என் மனதில் ஓடும்.

அதனால்தான் பருத்தி உடுப்பு. அதனால்தான் வாசலில் செம்புத் தகடு. அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் ஏறியது இறங்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை, 10 லட்சம் ஓம் உள்ள பாதைகூடப் போதும். இவ்வளவு எளிய காரியம் கெட்டுப்போவது, தகட்டின் மேல் சேர்த்தடித்த பெயிண்டாலும், துருவேறிய போல்ட்டாலும், யாரும் கவனிக்காத அறுந்த கம்பியாலும்தான்.

இடிதாங்கிக்கு அந்தச் சலுகை கிடையாது. மின்னலில் 30,000 ஆம்பியர் வருவது சகஜம். எர்த் 10 ஓம் என்றால் அந்த நொடியில் கம்பியில் 3 லட்சம் வோல்ட். 50 ஓம் என்றால் 15 லட்சம். அது கம்பியை விட்டுப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தாவும். 10 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிப்பது இதனால்தான்.

நம் ஊர் மண்ணில் அதுதான் சிரமம். மல்லாங்கிணறு பக்கத்துக் கரிசல் ஐப்பசி மழையில் ஊறிக் கிடக்கும்போது அருமையாகக் கடத்தும். எர்த் அளக்கும் மெக்கர் வைத்தால் முள் கீழேயே நிற்கும். அதே காட்டுக்குச் சித்திரையில் போனால் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு ஓடியிருக்கும். அப்படி ஒரு குழியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எர்த் பைப்பைச் சுற்றி மண் சுருங்கி, விரல் விடும் அளவுக்கு இடைவெளி. புனலில் ஊற்றிய தண்ணீர் பைப்பை நனைக்காமல் பக்கத்து வெடிப்பில் ஓடிவிட்டது. உப்பும் கரியும் போட்டு மூடிய குழிதான், சான்றிதழும் இருந்தது. அளவு எடுத்தது மழைக்குப் பின்பு.

கோடை இடி இறங்குவதோ சித்திரை, வைகாசியில். மண் மிக மோசமாக இருக்கும் மாதமும் அதுவே. இதற்கு டிராயிங்கில் தீர்வு உண்டு. கோடையிலும் ஈரம் காயாத ஆழத்துக்குப் பைப்பை இறக்க வேண்டும். ஒரு குழியை நம்பாமல், தள்ளித் தள்ளி மூன்று நான்கு போட்டுப் பட்டையால் இணைக்க வேண்டும். செலவு கூடும்தான். என் டிராயிங்கில் முதலில் வெட்டுப்படுவதும் இந்த வரிதான். அதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆலை வைத்திருப்பவர்களுக்கும் போர்மேன்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் எர்த் அளவை மழைக்காலத்தில் எடுத்து ஃபைலில் வைக்காதீர்கள். சித்திரையில் எடுங்கள், கட்டாந்தரையாக இருக்கும்போது எடுங்கள். 10 ஓமைத் தாண்டினால் அந்த வாரமே இன்னொரு குழி தோண்டுங்கள். வாசல் தகட்டில் பெயிண்ட் இருந்தால் இன்றைக்கே சுரண்டிவிடுங்கள்.