உங்களுக்குத் தெரியுமா? ஈஸ்ட் தரும் எண்ணெயும் நிறமும்

அவிநாசியில் கிளம்பித் திருப்பூர் வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 381, அவிநாசிபாளையத்தில் கோவை–திருச்சி சாலையைத் தொடுகிறது. வடக்கே பனியன் கம்பெனிகள், கிழக்கே காங்கேயத்துக் கொப்பரைக் களங்கள், மேற்கே பல்லடத்துக் கோழிப் பண்ணைகள். சாயம், எண்ணெய், தீவனம் ஆகிய மூன்றையும் அறிந்த இந்த ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய உயிர் ஒன்று உண்டு: ஈஸ்ட். ரொட்டியை உப்பவைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை.

● பஞ்சுமிட்டாயில் துணிச்சாயம்
2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. ஆய்வகச் சோதனையில் அதில் ரோடமின்-பி இருப்பது தெரியவந்ததே காரணம். துணிக்கும் காகிதத்துக்கும் நிறமேற்றும் அந்த இளஞ்சிவப்புச் சாயத்துக்கு உணவில் அனுமதி கிடையாது. விலை குறைவு, துளி போட்டாலே பளிச்சென்று தெரியும் என்பதால் அது குழந்தைகளின் கைக்கு வந்துவிடுகிறது. துணிக்கு எவ்வளவு நல்ல சாயமானாலும் வயிற்றுக்கு ஆகாது.

● எட்டே எட்டு
இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் எட்டுதான். அவற்றையும் குறிப்பிட்ட சில உணவுகளில் மட்டுமே சேர்க்கலாம். பெரும்பாலானவற்றில் கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்ச அளவு. அந்த எட்டில் ஒன்றான எரித்ரோசின் என்ற சிவப்பை உணவிலிருந்து நீக்க 2025 ஜனவரியில் அமெரிக்கா உத்தரவிட்டது. மஞ்சள், குங்குமப்பூ, கரோட்டின், ரிபோஃபிளேவின் ஆகியவை நம் சட்டத்தின் இயற்கை நிறப் பட்டியலில் இருக்கின்றன. இவற்றில் கடைசி இரண்டையும் நுண்ணுயிர்களால் தயாரிக்க முடியும்.

● பருத்திக் காயில் வந்த மஞ்சள்
பருத்திக் காயில் சாறு உறிஞ்சும் சிவப்பு நாவாய்ப்பூச்சியோடு ஒரு பூஞ்சையும் உள்ளே போய்ப் பஞ்சைக் கறையாக்கும். ஆஷ்பி, நோவெல் என்ற இருவர் 1926-இல் அதை விவரித்தார்கள். ஆஷ்பியா காசிபி என்ற பெயரில் அது பரவலாக அறியப்படுகிறது. அதன் மரபணுத் தொகுதியை 2004-இல் முழுதாகப் படித்தபோது, ரொட்டி ஈஸ்ட்டுக்கு அது மிக நெருங்கிய உறவு என்பது உறுதியானது. இந்தப் பூஞ்சை தன் தேவைக்கும் மேலாக மஞ்சள் நிற ரிபோஃபிளேவினைச் சுரக்கும். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1990-இல் இதைத் தொட்டிகளில் வளர்த்து, தொழில்முறை உற்பத்தியைத் தொடங்கியது. பருத்தி விவசாயிக்குப் பகையாக இருந்த உயிர், இன்று சத்தும் நிறமும் சேர்த்துத் தருகிறது.

● மாத்திரை தரும் மஞ்சள்
வாய்ப்புண்ணுக்கு பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் சிறுநீர் பளீர் மஞ்சளாகப் போகும். பயப்பட வேண்டாம். அது உடம்புக்குத் தேவையானது போக மிஞ்சி வெளியேறும் வைட்டமின் பி2. ரிபோஃபிளேவின் என்பது அதன் மறுபெயர்.

● மரச்சாற்றில் கிடைத்த சிவப்பு
கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் ஃபாஃப் 1960-களின் கடைசியில் ஜப்பான், அலாஸ்கா மலைகளில் மரங்களிலிருந்து கசியும் சாற்றைச் சேகரித்தார். அதில் செந்நிற ஈஸ்ட் ஒன்று இருந்தது. அவர் பெயராலேயே 1976-இல் அதற்கு ஃபாஃபியா என்று பெயரிட்டார்கள். அது தயாரிப்பது அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு. சால்மன் மீன் தீவனத்தில் இந்த ஈஸ்ட்டைச் சேர்க்க 2000-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

● இறால் ஏன் சிவக்கிறது?
அதே அஸ்டாசாந்தின்தான். உயிரோடு இருக்கும்போது அது ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நீலச் சாம்பலாகத் தெரியும். சட்டியில் சூடு பட்டதும் புரதம் உருக்குலைய, நிறமி விடுபட்டுத் தன் சொந்தச் சிவப்பைக் காட்டும்.

● கருவுக்கு நிறம் தீவனத்தில்
கரோட்டின், அஸ்டாசாந்தின் போன்ற கரோட்டினாய்டு நிறமிகளைக் கோழியால் தானாக உண்டாக்க முடியாது. முட்டைக் கருவின் மஞ்சள் முழுக்கத் தீவனத்திலிருந்து வருவதுதான். மக்காச்சோளமும் செண்டுமல்லிப் பூவின் சாறும் இப்போது அந்த வேலையைச் செய்கின்றன. ஃபாஃபியா போன்ற சிவப்பு ஈஸ்ட்டுகளைத் தீவனத்தில் சேர்த்தாலும் கருவின் நிறம் கூடும்.

● பட்டினி போட்டால் கொழுக்கும்
ரொட்டி ஈஸ்ட்டில் கொழுப்பு மிகக் குறைவு. உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்க்கும் ஈஸ்ட்டுகளை எண்ணெய் ஈஸ்ட்டுகள் என்கிறார்கள். சிலவற்றில் அது 60 சதவீதத்தையும் தாண்டும். இதில் சூட்சுமம் ஒன்று உண்டு. தொட்டியில் சர்க்கரையைத் தாராளமாக விட்டு, நைட்ரஜனை மட்டும் தீர்ந்துபோக விட வேண்டும். நைட்ரஜன் இல்லாமல் புதிய செல்கள் பிறக்க முடியாது. உள்ளே போகும் சர்க்கரைக்கு வேறு வழியில்லை. எண்ணெய்த் துளிகளாகச் செல்லுக்குள் திரளும்.

● போர் தந்த யோசனை
முதல் உலகப் போரில் பிரிட்டனின் கடல் முற்றுகையால் ஜெர்மனியில் கொழுப்புக்குக் கடும் தட்டுப்பாடு. பெர்லினில் பால் லிண்ட்னர், ஈஸ்ட் போன்ற ஒரு பூஞ்சையை வளர்த்து அதிலிருந்து கொழுப்பு எடுக்க முயன்றார். இன்றைய ஆராய்ச்சிக்கெல்லாம் மூத்தது அந்த முயற்சி.

● ஒரே செல்லில் இரண்டும்
ரோடோடொருலா இன ஈஸ்ட்டுகள் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் வளரும். கொழுப்பையும் கரோட்டினாய்டுகளையும் சேர்த்தே தயாரிப்பவை இவை. நிறமி கொழுப்பில் கரைவது என்பதால் எண்ணெயும் நிறத்தோடு வரும். டேராடூனில் உள்ள இந்திய பெட்ரோலிய நிறுவனம் இந்த இனத்தைக் கரும்புச் சக்கையிலிருந்து எடுத்த சர்க்கரையில் வளர்த்து ஆராய்ந்திருக்கிறது. நியூயார்க்கின் சி16 பயோசயின்சஸ் இதே குடும்பத்து ஈஸ்ட்டிலிருந்து பாமாயிலுக்கு மாற்று எண்ணெய் எடுத்து, முதலில் அழகுப்பொருள்களுக்கு விற்றது.

● மும்பைக் கடலில் ஒரு ஈஸ்ட்
எண்ணெய் கலந்து மாசுபட்ட மும்பைக் கடல்நீரில் கிடைத்தது யாரோவியா லிபோலிட்டிகா ஈஸ்ட்டின் ஒரு வகை. புனே ஆய்வாளர்கள் இதைப் பொரித்த எண்ணெயின் கழிவில் வளர்த்து, புதிய எண்ணெய் எடுத்துக் காட்டினார்கள். அவர்கள் நோக்கம் பயோடீசல். இதே இனத்தை மரபணு மாற்றி, மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பை மீனில்லாமலே எடுத்தது அமெரிக்காவின் டூபாண்ட்.

● பயோ வாஷும் சர்க்கரையும்
பனியன் துணி வழவழப்பாக இருக்க பயோ வாஷ் செய்கிறோம் அல்லவா? அதில் போடும் என்சைம் செல்லுலேஸ். துணியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளை அது கரைக்கிறது. பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸின் தொடர். அதே வகை என்சைமை நீண்ட நேரம் வேலை செய்யவிட்டால் துணியே மெல்ல மெல்லச் சர்க்கரையாக மாறும். ஹாங்காங் நகரப் பல்கலைக்கழகத்தில் கழிவுத் துணியின் பருத்தியை இப்படிக் குளுக்கோஸாக்கி, பாலியெஸ்டரைத் தனியே பிரித்தெடுத்திருக்கிறார்கள். குளுக்கோஸ் கிடைத்தால் ஈஸ்ட் வளரும். திருப்பூரின் கட்டிங் வேஸ்ட் இப்போது நூலாகத் திரும்புகிறது. நூலுக்கும் ஆகாத தூசிப் பஞ்சுக்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் சாயமேறிய துணி உணவின் பக்கமே வரக்கூடாது. சாயம் படாத வெள்ளைக் கழிவை மட்டும் தனியே பிரித்து வைப்பதுதான் முதல் வேலை.

● விலைக் கணக்கு
100 கிராம் சர்க்கரை கொடுத்தால் ஈஸ்ட் திருப்பித் தரும் எண்ணெய் நடைமுறையில் சுமார் 20 கிராம். ஆகவே காங்கேயத்துத் தேங்காய் எண்ணெயோடு போட்டியிட இதனால் ஆகாது. நிறமியின் கதை வேறு. கொஞ்சமாகச் சேர்த்தாலே போதும், கிலோ விலையும் உயர்வு. தொழில் தொடங்க நினைப்பவர்கள் நிறத்திலிருந்து தொடங்குவது நல்லது. எண்ணெய்க்கும் காலம் வரலாம்: நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதிதான்.

● அனுமதி முக்கியம்
நம் உணவில் இதுவரை இல்லாத ஒரு பொருளை விற்பனைக்குக் கொண்டுவர 2017-இல் வந்த விதிகளின்படி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். ஈஸ்ட்டில் வந்தது என்பதாலேயே எதுவும் பாதுகாப்பானதாகிவிடாது. சோதித்துப் பார்த்த பிறகே தட்டுக்கு வரவேண்டும்.

● பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்
மிட்டாய், பிஸ்கட், குளிர்பானம் எது வாங்கினாலும் நிறத்தின் பெயரோ, உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான சர்வதேச எண்ணான ஐ.என்.எஸ். எண்ணோ பின்பக்கம் அச்சாகியிருக்கும். 101 என்றால் ரிபோஃபிளேவின் என்னும் வைட்டமின். 102 என்றால் டார்ட்ரசின் என்னும் செயற்கை மஞ்சள். 127 என்றால் அமெரிக்கா விலக்கிய எரித்ரோசின். 160ஏ என்றால் கரோட்டின். பிள்ளைகளுக்கு வாங்கும்போது இந்த நான்கு எண்களை மட்டும் நினைவில் வையுங்கள். பெயரோ எண்ணோ போடாத, கண்ணைப் பறிக்கும் நிறமுள்ள தின்பண்டத்தை வாங்காதீர்கள்.