தொரை மாளிகையில் ஒரு தோட்டத்துப் பேத்தி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தொரை பங்களா எப்படி இருக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. மேட்டின்மேல் வீடு, சுற்றிலும் புல்தரை, வாசலில் ஒரு நாய். லயத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலே கங்காணி விரட்டுவார். சமையல்காரர், ஆயா, தோட்டக்காரர் என்று நாலைந்து பேர்தாம் உள்ளே போய் வருவார்கள். அதுவும் பின்வாசல் வழியாக.

தொரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கமும் அந்தக் காலத்தில் இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலை நிறுத்தத்தில், கூலி உயர்வோடு சேர்த்து நம்மவர்கள் வைத்த கோரிக்கைகளில் இதுவும் ஒன்று: இனி சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டது. தொழிலாளர் உயிர்கள் போயின.

அந்த வட்டாரத்துப் பாட்டி ஒருவரும் அவர் பேத்தியும் பள்ளி விடுமுறையில் நம்மோடு பத்து காஜாவுக்கு வந்தார்கள். பாட்டி பால்மரம் வெட்டியவர். அவர் இருந்த தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. பேத்தி நான்காம் ஆண்டு படிக்கிறாள். அடுக்குமாடியில் பிறந்தவள், லயத்தைக் கண்ணால் கண்டதில்லை. பிரிக்பீல்ட்ஸில் சென்ட்ரல் நிலையத்தில் மின்ரயில் ஏறி, பத்து காஜாவில் இறங்கி, வாடகைக் காரில் போனோம். (பிரிக்பீல்ட்ஸும் ஒரு காலத்தில் செங்கல் சூளை போட்ட இடம்தான். போகிற இடமும் செங்கல் மாளிகை!)

கெல்லி மாளிகை என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். கட்டியவர் வில்லியம் கெல்லி சுமித். ஸ்காட்லாந்திலிருந்து 20 வயதில், 1890-இல் மலாயாவுக்கு வந்தவர். காட்டை வெட்டித் திருத்தும் குத்தகை வேலையில் பணம் சேர்த்து, கிந்தாவில் நிலம் வாங்கி ரப்பர் போட்டார். தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர். முதலில் ஒரு வீடு கட்டினார். அது போதவில்லை போலிருக்கிறது. மகன் பிறந்த 1915-இல் இந்தப் பெரிய மாளிகையை எழுப்பத் தொடங்கினார். மதராஸ் பக்கத்திலிருந்து கொத்தனார்களை வரவழைத்தார்; செங்கல்லும் சலவைக்கல்லும்கூட அங்கிருந்து வந்தனவாம். ஆறு மாடிக் கோபுரம், அதில் மின்தூக்கி, வீட்டுக்குள்ளேயே டென்னிஸ் ஆட இடம். ஆசைக்கு அளவே இல்லை.

பேத்தி படிகளில் ஓடி ஏறினாள். நமக்கு மூச்சு வாங்கியது. மேலே போய் மின்தூக்கிக்காக விட்ட குழியை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"பாட்டி, இந்த வீட்ல தொரை எத்தன வருசம் இருந்தாரு?"

"முழுசா கட்டவே இல்லடா கண்ணு. அதுக்குள்ள செத்துட்டாராம்."

உண்மைதான். 1926-இல் கெல்லி சுமித் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரில் காலமானார். வயது 56. மனைவி எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊரோடு போய்விட்டார்; ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்பீல்டு கம்பெனி வாங்கியது. மாளிகை காடு மண்டிக் கிடந்து, பிற்பாடுதான் சுற்றுலாத் தலம் ஆனது.

"அப்போ கட்டுனவங்க எங்க படுத்தாங்க?" பேத்தி விடவில்லை.

பாட்டி கொஞ்ச நேரம் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு லயத்தைப் பற்றிச் சொன்னார். ஒரு ரூம், ஒரு அடுப்பு, பொதுக் குழாய், காலை பெரட்டு, பால் வாளி. "எங்க வீடு இந்தக் குசினி அளவுகூட இருக்காது. அதையும் தோட்டம் வித்தப்போ காலி பண்ணச் சொல்லிட்டாங்க." பேத்தி கையை விரித்து அறையை அளந்து பார்த்தாள்.

இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் பேய்க் கதை கேட்கத்தான் வருகிறார்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இங்கே வேலை செய்தவர்களின் கதையைச் சொல்லாமல் திரும்பக் கூடாது. 1918-இல் உலகத்தையே ஆட்டிய விஷக்காய்ச்சல் இந்தத் தோட்டத்துக்கும் வந்தது. ஆட்கள் செத்து விழுந்தார்கள். மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று மிச்சமிருந்தவர்கள் தொரையிடம் போய்க் கேட்டார்கள். அவர் மறுக்காமல் கட்டிக் கொடுத்தார்.

மாளிகையிலிருந்து கோயில் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம். பலர் எட்டிப் பார்க்காமலே பஸ் ஏறிவிடுகிறார்கள், அதுதான் நமக்கு வருத்தம். கோயில் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒரு தொரை நிற்கிறார். பேத்தி அதைக் கண்டுபிடித்துக் கைகொட்டிச் சிரித்தாள்.

"சாமியோட தொரையும் நிக்கிறாரு பாட்டி! இவரக் கும்பிடணுமா?"

"கும்பிட வேணாம். கேட்டத செஞ்சாரு, நம்மாளுங்க நன்றி மறக்கல. அவ்வளவுதான்."

நாம் யோசித்துப் பார்த்தோம். கோயில் கட்டியதால் லயம் அகலமாகிவிடவில்லை. என்றாலும், காய்ச்சலில் சொந்தபந்தத்தைப் பறிகொடுத்த சனங்கள் விரும்பி வைத்த சிலை அது; அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகளோடு போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் கோயிலுக்குப் போங்கள், மாளிகைக்குப் பிறகு போகலாம். மதியத்தில் நடை சாத்தியிருக்கலாம், பூசை நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. மாளிகைப் படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கீழேயே உட்கார்ந்துகொள்ளலாம். ஆனால் நம்மோடு வந்த பாட்டி கேட்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து மேல்மாடி வரைக்கும் ஏறிவிட்டார்.