ஓலை வாசித்த பிறகே தாலி

கத்தோலிக்கக் கல்யாணம் நம் ஊர்களில் மூன்று ஞாயிறுகளுக்கு முன்பே தொடங்கிவிடும். பூசையில் மணமக்களின் பெயர், பெற்றோர், பங்கு எல்லாவற்றையும் அறிவிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர் சொல்லியாக வேண்டும். இதுதான் ஓலை வாசித்தல். 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் உறுதிசெய்த வழக்கம் இது.

கல்யாணத்தன்று எல்லோரும் தாலியையே பார்ப்பார்கள். ஆனால் உயிரான நேரம் அதற்கு முன்னால் வருகிறது: இருவரும் வலக்கை பிடித்து, வாய்விட்டுச் சம்மதம் சொல்லும் நேரம். கத்தோலிக்க மரபில் அந்த அருட்சாதனத்தை நிறைவேற்றுபவர்கள் மணமக்களேதான். குருவானவர் திருச்சபையின் பெயரால் அச்சம்மதத்தைக் கேட்டு ஏற்கிறார். பிறகே சிலுவை பொறித்த தாலியை மந்திரித்துக் கொடுப்பார். சாட்சிகள் இருவர் பதிவேட்டில் கையெழுத்திடுவார்கள்.

தவக்காலத்தில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. மண்டபம் பிடிக்கும் முன் பங்குத்தந்தையிடம் தேதி கேட்டுக்கொள்ளுங்கள்.