வெந்நீர் ஊற்றினால் மகனுக்குச் செய்தி போகும்

டோக்கியோவில் எந்நேரமும் கூட்டம் நெரியும் பகுதி இகெபுகுரோ. அங்கே 1996-ல் ஓர் அடுக்குமாடி வீட்டில் 77 வயதுத் தாயும் நோயாளியான மகனும் பட்டினியால் இறந்துபோனார்கள். பல நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. ஜப்பானே அதிர்ந்தது. அன்றாடம் புழங்கும் பாத்திரம் ஒன்றே முதியவரின் நலத்தைச் சொல்லிவிடாதா என்று மருத்துவர் ஒருவர் கேட்டார். ஃபிளாஸ்க்குக்கும் ரைஸ் குக்கருக்கும் பேர்போன ஒசாகா நிறுவனம் ஸோஜிருஷி அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டது. 2001 மார்ச்சில் ‘ஐ-பாட்’ என்ற வெந்நீர்க் குடுவை வந்தது. பாட்டுக் கேட்கும் ஐபாடை ஆப்பிள் அறிமுகப்படுத்தியது அதே ஆண்டு அக்டோபரில்தான்!

ஜப்பானிய வீடுகளில் மின்சார வெந்நீர்க் குடுவை நாள் முழுக்கச் சூடாக மேசைமேல் இருக்கும். மேலே அழுத்தினால் மூக்கு வழியே வெந்நீர் கொட்டும். தேநீருக்கு, சூப்புக்கு, நூடுல்ஸுக்கு. ஐ-பாடும் பார்வைக்கு அதேதான். உள்ளே மட்டும் செல்பேசி அலைவரிசையில் தகவல் அனுப்பும் கருவி இருக்கிறது. இணைய இணைப்பு தேவையில்லை. எத்தனை மணிக்கு வெந்நீர் ஊற்றினார் என்ற விவரம் தினமும் பிள்ளைகளுக்கு மின்னஞ்சலில் போய்விடும். வாரக் கணக்கை வரைபடமாகவும் பார்க்கலாம். காலை ஆறு மணிக்குத் தேநீர் போடும் அம்மா பத்து மணியாகியும் குடுவையைத் தொடவில்லை என்றால் போன் போட்டுவிடலாம்.

இருபது ஆண்டுகளுக்கும் மேல் இது தாக்குப்பிடித்ததன் ரகசியம், முதியவரிடம் இது எதையுமே கேட்பதில்லை என்பதுதான். கழுத்தில் மாட்டும் அவசரப் பொத்தானைக் குளிக்கப் போகும்போது கழற்றி வைத்துவிடுகிறார்கள், வழுக்குவதோ குளியலறையில். கேமரா வைத்தால் சொந்த வீட்டிலேயே சிறை வைத்ததுபோல் ஆகிவிடும். டோக்கியோ கேஸ் நிறுவனமும் இதே வழியில், எரிவாயு மீட்டர் ஓடுவதை வைத்துப் பிள்ளைகளுக்குத் தகவல் சொல்லும் சேவையைத் தொடங்கியது.

ஆனால் குடுவையை ஆம்புலன்ஸாக நினைத்துவிடக் கூடாது. பாட்டி கீழே விழுந்தது அதற்குத் தெரியாது. வழக்கம் தவறியதுதான் தெரியும், அதுவும் தாமதமாக. மகன் இருநூறு மைல் தள்ளி இருந்தால், சாவியோடு ஓடிப்போய்க் கதவைத் திறக்க அக்கம்பக்கத்தில் ஒருவர் வேண்டும். ஜப்பானியக் காவல்துறைக் கணக்குப்படி, 2024-ல் தனியாக வசித்து வீட்டிலேயே இறந்தவர்கள் சுமார் 76,000 பேர்; நான்கில் மூவர் 65 வயதைத் தாண்டியவர்கள்.

கருவி மட்டும் இருந்து ஆள் நேரில் வராத இடைவெளியில்தான் ஜப்பான் போஸ்ட் நுழைந்தது. கட்டணம் கட்டினால் தபால் நிலைய ஊழியர் மாதம் ஒருமுறை வீட்டுக்கே வருவார். நன்றாகத் தூங்குகிறீர்களா, ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று உட்கார்ந்து விசாரிப்பார், பிறகு பிள்ளைகளுக்கு எழுதி அனுப்புவார். 2017 முதல் இந்தச் சேவை நாடு முழுக்க நடக்கிறது.